டெரியர் நாய்களைப் பற்றித் தமிழில் எழுதுவோருக்கும் தொகுப்போருக்கும் ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். கலைக்களஞ்சியக் கட்டுரைகள், வளர்ப்பு நாய்க் கையேடுகள், இதழ்களின் சிறப்புப் பக்கங்கள் ஆகியவற்றின் வழியே நாய் இனங்களைத் தமிழ் வாசகருக்கு அறிமுகப்படுத்தி வருகிற உங்கள் அனைவருக்கும் பொதுவாக இந்த மடலை எழுதுகிறேன். லாப்ரடாரைப் பற்றியோ பொமரேனியனைப் பற்றியோ நீங்கள் எழுதும்போது பெரிய பிழை எதுவும் நெடுநாள் நிலைப்பதில்லை. அந்த நாய்களை வாசகர் அன்றாடம் பார்ப்பதால், தவறு இருந்தால் யாரேனும் உடனே சுட்டிக்காட்டிவிடுவார். அதிகம் அறியப்படாத டெரியர் இனங்களுக்கு அந்தக் காவல் இல்லை. லேக்லாண்ட் டெரியரையோ கிளென் ஆஃப் இமால் டெரியரையோ நம்மில் பெரும்பாலோர் நேரில் கண்டதில்லை என்பதால், வெல்ஷ் டெரியரின் படம் லேக்லாண்டின் பக்கத்தில் ஏறினாலும், நார்விச் டெரியரின் வரலாறு நார்ஃபோக் டெரியரின் பெயரில் அச்சானாலும் கேட்பாரில்லை. ஒருவர் எழுதியதை அடுத்தவர் எடுத்தாள, மூன்றாமவர் அந்த இருவரையும் சான்று காட்ட, பிழையே ஆதாரமாகிவிடுகிறது.

என் முறையீடு ஒன்றுதான். இந்த இனங்கள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு தொடக்கங்கள் உண்டு. ஒரு நிலமும் அந்த நிலத்தின் வேலையும் சேர்ந்து நாயை உருவாக்கியது ஒரு தொடக்கம். ஆர்வலர்கள் கூடிப் பெயர் சூட்டி, அளவு வகுத்து, பதிவேட்டில் ஏற்றியது மற்றொரு தொடக்கம். இவ்விரண்டுக்கும் இடையில் சில வேளைகளில் நூறு ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளி இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகக் குழைத்து எழுதும்போதுதான் ஒத்த தோற்றமுள்ள இனங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. இரண்டையும் பிரித்து எழுதினால், எந்த அடையாளத்தைப் பார்த்து எந்த நாயை அறிவது என்பதும் தானாகவே தெளிவாகும்.

நாய் இனங்களைப் பதிவு செய்து அவற்றுக்கு அளவு வகுக்கும் அமைப்பான கென்னல் கிளப் இங்கிலாந்தில் தொடங்கப்பட்டது 1873ஆம் ஆண்டில். அதற்கு முன்பும் டெரியர்கள் இருந்தன. நரியையும், வளை தோண்டி வாழும் பேட்ஜர் என்ற விலங்கையும் வளைக்குள் இறங்கித் துரத்துவதும், களஞ்சியத்தில் எலி பிடிப்பதும், ஆற்றங்கரையில் நீர்நாயைக் கிளப்புவதும் அவற்றின் தொழில்கள். ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் உழவர்களும் வேட்டைக்காரர்களும் தங்களுக்கு உதவிய நாயை, பக்கத்து ஊரில் நன்றாக வேலை செய்த நாயோடு சேர்த்துக் குட்டி எடுத்தார்கள். அவர்களுக்குப் பதிவேடு தேவைப்படவில்லை. கண்காட்சிகள் வந்த பிறகுதான் எந்த நாய் எந்தப் பிரிவில் நிற்க வேண்டும் என்ற கேள்வி எழுந்தது. அந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைகளே இன்று நாம் இனங்கள் என்று குறிப்பிடுபவை. ஆகவே ஓர் இனம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலோ 20ஆம் நூற்றாண்டிலோ பெயர் பெற்றது என்று எழுதுவதில் அந்த நாய்க்கு எந்த இழிவும் இல்லை. எந்த நாயைத் தொட்டாலும் ஈராயிரம் ஆண்டுப் பழமை பேசும் பழக்கம் நமக்கு எங்கிருந்து தொற்றியதோ, அதை டெரியர்கள் மீதாவது ஏற்றாமல் இருக்கலாம்.

மிக அதிகமாகக் குழப்பப்படும் இணையிலிருந்து தொடங்குகிறேன். வெல்ஷ், லேக்லாண்ட் என்ற இரண்டும் சதுரமான உடற்கட்டும், கம்பி போன்ற முரட்டு மேல்மயிரும், தாடியும், முன்னோக்கி மடிந்த சிறு காதுகளும் கொண்டவை. முதுகில் கறுப்பும் காலிலும் முகத்திலும் செம்பழுப்புமாக இரண்டையும் காணலாம். அளவில் மட்டும் பெரியதான ஏர்டேல் டெரியரும் இதே சாயலில் இருப்பதால், வெல்ஷ் டெரியரைச் சிறிய ஏர்டேல் என்றும் லேக்லாண்டைச் சிறிய வெல்ஷ் என்றும் எழுதிவிடுகிறார்கள். இது உறவுமுறையைத் தலைகீழாக்குகிறது. ஏர்டேல், யார்க்‌ஷரின் ஏர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் பழைய கறுப்பு–செம்பழுப்பு டெரியர்களோடு நீர்நாய் வேட்டை நாயான ஆட்டர்ஹவுண்டைச் சேர்த்து உருவாக்கப்பட்டது. தோள் உயரம் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் வரை செல்லும் அந்த நாயால் எந்த வளைக்குள்ளும் நுழைய முடியாது. முதல் உலகப் போரில் கர்னல் ரிச்சர்ட்சன் நடத்திய போர் நாய்ப் பள்ளியில் செய்தி கொண்டு செல்லும் வேலைக்கு அது பெயர் பெற்றதும் அந்த உடல் வலிமையால்தான். வெல்ஷ் டெரியர் ஏர்டேலைச் சுருக்கிச் செய்ததன்று. வேல்ஸின் வேட்டைக் கூட்டங்களோடு நரி, பேட்ஜர், நீர்நாய் ஆகியவற்றின் பின்னே ஓடிய, தன் அளவிலேயே நெடுங்காலம் இருந்துவந்த நாய் அது.

வெல்ஷ் டெரியரின் பெயர்ப் பிறப்பு ஒரு வழக்காகவே நடந்தது. 1880களில் கென்னல் கிளப் இந்த நாய்களுக்கு இடம் ஒதுக்கியபோது, பழைய ஆங்கில டெரியர் என்று ஒரு தரப்பும் வெல்ஷ் டெரியர் என்று மறு தரப்பும் உரிமை கொண்டாடின. சிறிது காலம் இரு பெயர்களும் ஒரே பிரிவின் தலைப்பில் நின்றன. வேல்ஸ்காரர்கள் 1886இல் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்து, தலைமுறை தலைமுறையாக ஒரே மாதிரி குட்டி ஈனும் நாய்களைக் கொண்டுவந்து காட்டினார்கள். ஆங்கிலத் தரப்பால் அப்படி ஒரு கூட்டத்தைத் திரட்ட முடியவில்லை. பழைய ஆங்கிலப் பெயர் மறைந்தது. ஆகவே பழைய ஆங்கில டெரியர் என்ற நாய் அழிந்துபோயிற்று என்று எழுதுவதும், அதுவே வெல்ஷ் டெரியர் என்று எழுதுவதும் முழுச் செய்தி ஆகா. ஒரே வகை நாய்க்கூட்டத்தின் மீது இரண்டு பெயர்கள் போட்டியிட்டு, ஒன்று வென்றது என்பதே நடந்தது.

லேக்லாண்டின் நிலம் வேறு. இங்கிலாந்தின் வடமேற்கில் கம்பர்லாந்து, வெஸ்ட்மர்லாந்து மாவட்டங்களில் பரவிய ஏரி மாவட்டத்து மலைகள் குதிரை ஏற முடியாத செங்குத்துச் சரிவுகள். பாறைச் சிதறல்கள் நிறைந்தவை. ஹெர்ட்விக் ஆடுகளை மேய்த்த அந்த உழவர்களுக்கு, குட்டி ஈனும் பருவத்தில் நரி வேட்டை பொழுதுபோக்கு அன்று, பிழைப்பு. வேட்டைக்காரர்கள் நாய்க்கூட்டத்தோடு நடந்தே சென்றார்கள். டெரியரும் நாள் முழுதும் நடந்து, நரி பாறை இடுக்கில் ஒளிந்ததும் பின்தொடர்ந்து உள்ளே நுழைய வேண்டியிருந்தது. நெடுநடைக்கு ஏற்ற கால் நீளமும், இடுக்கில் சிக்காத ஒடுங்கிய நெஞ்சும் தோளும் அப்படி வந்தவை. இந்த நாய்கள் ஊருக்கு ஊர் வெவ்வேறு பெயர்களில் வழங்கின. ஃபெல் டெரியர், கம்பர்லாந்து டெரியர், பாட்டர்டேல் டெரியர் ஆகியவை அவற்றில் சில. 1921இல் ஆர்வலர்கள் கூடி லேக்லாண்ட் என்ற பொதுப்பெயரை முடிவு செய்தார்கள். 1928இல் கென்னல் கிளப் அதை ஏற்றது. இந்த நாயின் வேலை பழையது, பெயர் நூறாண்டைச் சற்றே தாண்டியது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிவிட முடியும்; எழுதுவோர் குறைவு.

இரண்டையும் படத்தில் பிரித்தறிவது எப்படி என்று கேட்பீர்கள். உயரம் உதவாது; வெல்ஷ் 39 சென்டிமீட்டருக்கும் லேக்லாண்ட் 37 சென்டிமீட்டருக்கும் மிகாமல் இருக்க வேண்டும் என்பது விதியானாலும், இரண்டு சென்டிமீட்டரைப் படத்தில் எவராலும் அளக்க முடியாது. எடை வேறுபாடு சற்றுக் கூடுதல்: வெல்ஷ் 9 கிலோவைத் தாண்டும், ஆண் லேக்லாண்டே 8 கிலோவுக்குள் நிற்கும். ஆனால் எலும்புக் கனத்தைக் கண்ணால் மதிப்பிடுவதற்கு இரண்டையும் அருகருகே பார்த்த பழக்கம் வேண்டும். நிறத்தின் ஆழமே கைகொடுக்கும் அடையாளம். வெல்ஷ் டெரியரின் கால்களிலும் தலையிலும் இருக்க வேண்டியது சிவப்பேறிய ஆழ்ந்த செம்பழுப்பு. லேக்லாண்டிலோ அந்த ஆழ்நிறம் குறையாகவே கருதப்படுகிறது. அதற்கு உரியது வைக்கோல் போன்ற வெளிர்நிறம். அதோடு, வெல்ஷ் டெரியருக்குக் கறுப்பும் செம்பழுப்பும், அல்லது நரை கலந்த கறுப்பும் செம்பழுப்பும் என்று குறுகிய நிற எல்லை மட்டுமே உண்டு. லேக்லாண்ட் முழுச் சிவப்பாகவும், கோதுமை நிறத்திலும், ஈரல் பழுப்பிலும், நாய் வளர்ப்போர் நீலம் என்று குறிப்பிடும் சாம்பல் சாயலிலும், தனிக்கறுப்பிலும் வரலாம். சிவப்பு நிற லேக்லாண்டின் படத்தைப் பார்த்து அதை ஐரிஷ் டெரியர் என்று தலைப்பிடும் பிழையும் இதனால்தான் நேர்கிறது.

மயிர் பராமரிப்பைப் பற்றி இங்கேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கம்பிமயிர் டெரியர்களின் முதிர்ந்த மேல்மயிரைக் கையால் பிடுங்கி எடுத்தால்தான் புதுமயிர் முரடாகவும் ஆழ்ந்த நிறத்தோடும் வளரும். மெஷின் கொண்டு கத்தரித்தால் காலப்போக்கில் மயிர் மென்மையாகி நிறம் வெளுக்கும். வீட்டில் செல்லமாக வளரும் வெல்ஷ் டெரியர்கள் பலவும் மெஷினால் கத்தரிக்கப்படுபவை. அத்தகைய நாயின் படத்தைப் பார்த்து வெளிர் செம்பழுப்பு என்று முடிவு கட்டி, அதை லேக்லாண்ட் ஆக்கிவிடக் கூடாது. வாலும் அப்படியே. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2007 முதல் வால் வெட்டுவது, சில வேலை நாய்களுக்கான விலக்குகள் நீங்கலாக, தடை செய்யப்பட்டுவிட்டது. பழைய படங்களில் குட்டைவாலும் புதிய படங்களில் நெடுவாலும் இருப்பதைக் கண்டு இரண்டு வெவ்வேறு இனங்கள் என்று எண்ணிவிட வாய்ப்புண்டு.

பாட்டர்டேல் என்ற பெயரில் ஒரு கண்ணி இருக்கிறது. அல்ஸ்வாட்டர் ஏரியின் தென்முனையில் உள்ள சிற்றூர் அது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்க நூல்களில் அந்தப் பெயரில் வரும் நாய் பெரும்பாலும் இன்றைய லேக்லாண்டின் முன்னோர். இன்று பாட்டர்டேல் டெரியர் என்று வழங்குவது, அதே மலைநாட்டு வேலை நாய்களின் மரபில் பின்னர் தனியே வளர்க்கப்பட்ட, பெரும்பாலும் கறுப்பான, தாடியற்ற அல்லது தாடி குறைந்த நாய். அமெரிக்காவின் யுனைடெட் கென்னல் கிளப் அதை 1995இல் ஏற்றது. இங்கிலாந்தின் கென்னல் கிளப் ஏற்கவில்லை. பழைய நூலில் கண்ட வரலாற்றை இன்றைய நாயின் படத்துக்குக் கீழே வைத்தால், இரண்டுமே பொய்யாகிவிடும். ஜெர்மனியின் யாக்ட்டெரியரையும் இவற்றோடு சேர்த்துக் குழப்புவதுண்டு. அது முதல் உலகப் போருக்குப் பின், கண்காட்சிக்காக அல்லாமல் வேட்டைக்காகவே வேண்டும் என்று முடிவு செய்த சிலர், ஃபாக்ஸ் டெரியர் ஈற்றில் கிடைத்த கறுப்பு–செம்பழுப்புக் குட்டிகளிலிருந்து தொடங்கி வளர்த்தெடுத்தது. அதன் சங்கம் 1926இல் அமைந்தது. இனத்தின் பிறப்பை ஆண்டு குறித்துச் சொல்லக்கூடிய அரிய டெரியர்களில் அதுவும் ஒன்று.

அடுத்தது அயர்லாந்து. இங்கே நான்கு டெரியர்கள்: ஐரிஷ், கெர்ரி ப்ளூ, மென்மயிர் வீட்டன், கிளென் ஆஃப் இமால். நான்கும் சிறு உழவர்களின் நாய்கள். எலி பிடிக்கவும், மாடு திருப்பவும், வீட்டுக்குக் காவல் நிற்கவும், வாய்ப்பு வந்தால் பேட்ஜரை எதிர்க்கவும் வளர்க்கப்பட்டவை. ஐரிஷ் டெரியர் மட்டுமே கம்பிமயிரும் செந்நிறமும் கொண்டு இங்கிலாந்துக் கண்காட்சி ரசனைக்கு முதலில் ஒத்துப்போனது. 1879லேயே அதற்குச் சங்கம் அமைந்தது. மற்ற மூன்றும் அயர்லாந்து தனக்கெனக் கென்னல் கிளப் அமைத்துக்கொண்ட 1922ஆம் ஆண்டுக்கும் அதற்கடுத்த ஆண்டுகளுக்கும் உரியவை. கெர்ரி ப்ளூவின் கதையில் அரசியல் கலந்திருக்கிறது. நாய்க் கண்காட்சிகளும் லண்டன் கென்னல் கிளப்பின் அதிகாரத்துக்குள் இருந்த காலத்தில், 1920இல் டப்ளின் ஆர்வலர்கள் அந்த அனுமதியின்றித் தாங்களே கண்காட்சி நடத்தினார்கள். விடுதலைப் போராட்டத் தலைவர் மைக்கேல் காலின்ஸ் ‘கான்விக்ட் 224’ என்ற பெயருடைய தம் கெர்ரி ப்ளூவை அந்நாட்களில் கண்காட்சிக்குக் கொண்டுவந்தார். வீட்டன் 1937 மார்ச் 17, புனித பாட்ரிக் திருநாளன்று ஐரிஷ் கென்னல் கிளப்பின் ஏற்பைப் பெற்றது. கிளென் ஆஃப் இமால் அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1934இல் பெற்றிருந்தது.

இவற்றில் கெர்ரி ப்ளூவும் வீட்டனும் உடன்பிறப்புகள் போன்றவை. இரண்டும் 46 முதல் 48 சென்டிமீட்டர் உயரம், இரண்டும் மென்மையான ஒற்றை அடுக்கு மயிர், இரண்டும் சதுர உடல். ஒன்று நீலம், மற்றது கோதுமை நிறம் என்று எளிதாகச் சொல்லிவிட்டுக் கடந்துவிடலாம் என்றுதான் தோன்றும். சிக்கல் குட்டிகளில் இருக்கிறது. கெர்ரி ப்ளூ பிறக்கும்போது கறுப்பு. நீலம் பிறகுதான் ஏறுகிறது, பதினெட்டு மாதம் வரை கறுப்பைக் குறையாகக் கொள்வதில்லை. வீட்டன் பிறக்கும்போது சிவப்பு, பழுப்பு, சாம்பல் என ஆழ்ந்த நிறத்தில் இருந்து, இரண்டு வயதளவில்தான் முதிர்ந்த கோதுமை நிறத்தை அடைகிறது. ஆறு மாதக் குட்டியின் படத்தை வைத்து இனத்தின் நிறத்தை எழுதுவது, பூ விடும் முன்பே மாமரத்தின் கனியைச் சுவைத்துச் சொல்வதற்கு நிகர். மயிரின் அமைப்பே முதல் அடையாளமாக இருக்கட்டும்: கெர்ரியின் மயிர் அடர்ந்து அலையடித்து, கத்தரியால் உருவம் வெட்டத்தக்கது, வீட்டனின் மயிர் பட்டுப்போல் தொய்ந்து விழுவது. ஸ்பெயின் போர்க்கப்பல் உடைந்து கரையேறிய நீல நாயிலிருந்து கெர்ரி வந்தது என்ற கதையைச் சொல்ல விரும்பினால் சொல்லுங்கள். கதை என்று சொல்லிவிட்டுச் சொல்லுங்கள்.

கிளென் ஆஃப் இமாலை வீட்டனோடு குழப்புவதற்கு நிறம் ஒன்றே காரணம். கிளென் டெரியரும் கோதுமை நிறத்தில் வரும். நீலத்திலும் வரிநிறத்திலும் வரும். ஆனால் உடலைப் பார்த்தவர் எவரும் தடுமாறமாட்டார். 35.5 சென்டிமீட்டருக்கு மேற்படாத உயரம், அந்தச் சிறிய கால்களின் மேல் 16 கிலோ அளவு கனம், உயரத்தைவிட நீண்ட உடல், சற்றே வளைந்த முன்னங்கால்கள், சற்றே வெளிநோக்கித் திரும்பிய பாதங்கள், இடுப்பு நோக்கி மெல்ல ஏறும் முதுகுக்கோடு, பெரிய தலை. விக்லோ மலைகளில் உள்ள இமால் பள்ளத்தாக்கு அதன் ஊர். எலிசபெத் அரசி காலத்துப் படைவீரர்கள் கொண்டுவந்த நாய்கள் என்றும், சமையற்கூடத்தில் இறைச்சிக் கம்பியைச் சுழற்றும் சக்கரத்தில் ஓடிய நாய்கள் என்றும் சொல்லப்படுவதை ஆங்கில நூல்கள் பலவும் உறுதிப்பட எழுதுகின்றன. சக்கர நாய்கள் உண்மையில் இருந்தவை. ஆனால் அவைதாம் கிளென் டெரியர்கள் என்பதற்கு மரபு வழிப் பேச்சைத் தவிர வேறு ஆதாரம் காட்டப்படுவதில்லை. உறுதியாகத் தெரிந்த செய்தி இதைவிடச் சுவையானது. அயர்லாந்தில் ‘டியாஸ்டாஸ் மோர்’ என்ற சான்றிதழ் இருந்தது. பேட்ஜரின் வளைக்குள் இறங்கி நின்று தன் துணிவை மெய்ப்பித்த டெரியருக்கே அது கிடைத்தது. கண்காட்சி அழகு மட்டும் போதாது என்று நினைத்த ஒரு காலம் அங்கே இருந்தது. 1960களில் அத்தேர்வு கைவிடப்பட்டது.

இந்தப் பிரிவினையால் என்ன பயன், எல்லாம் ஒரு நாய்தானே என்று சொல்வோருக்கு மருத்துவத்தின் வழியே பதில் உண்டு. சிறுநீரகத்தின் வழியாகவும் குடலின் வழியாகவும் புரதம் வெளியேறும் மரபுக் கோளாறு வீட்டன் டெரியர்களில் கவனிக்கப்பட வேண்டியது. வளர்ப்பவர் ஆண்டுதோறும் இரத்தமும் சிறுநீரும் சோதிக்கச் சொல்லப்படுகிறார். கிளென் டெரியரில் விழித்திரையைப் பாதிக்கும் மரபுக் கோளாறு உண்டு, அதற்கு மரபணுச் சோதனையும் உண்டு. பெட்லிங்டன் டெரியரின் ஈரலில் தாமிரம் தேங்கும் நோயை எல்லாக் கால்நடை மருத்துவரும் பாடத்தில் படித்திருப்பார்கள். உங்கள் கட்டுரையைப் படித்துத் தம் நாயை இன்ன இனம் என்று நம்புகிறவர், எந்தச் சோதனையைச் செய்வது என்பதையும் அதை வைத்தே முடிவு செய்வார்.

நார்விச்சும் நார்ஃபோக்கும் எளிய வழக்கு என்று நினைக்கப்படுகிறது; நிமிர்ந்த காது நார்விச், மடிந்த காது நார்ஃபோக். இரண்டும் இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் வளர்ந்தவை, ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் உயரம், ஒரே நிற வரிசை. அங்கே களஞ்சிய எலிகளைப் பிடித்த சிறு செந்நிற டெரியர்கள், 1880களில் கேம்பிரிட்ஜ் மாணவர்களிடையே நாகரிகமாகி, டிரம்பிங்டன் தெருவின் பெயரால் டிரம்பிங்டன் டெரியர் என்று வழங்கின. ஜோன்ஸ் என்ற குதிரைப் பயிற்சியாளர் அவற்றை அமெரிக்கருக்கு விற்றதால் அங்கே ஜோன்ஸ் டெரியர் என்ற பெயரும் நிலவியது. 1932இல் கென்னல் கிளப் நார்விச் டெரியர் என்ற ஒரே பெயரில் இரண்டு காது வகைகளையும் ஏற்றது. இரண்டையும் கலந்தால் காது நிமிராமலும் மடியாமலும் நடுவில் நிற்கும் என்பதால் வளர்ப்போர் தாமே பிரித்து வைத்திருந்தார்கள். மடிகாது வகையைப் பேணிக் காத்தவர்களில் கொலன்சே நாய்க்கூடத்தின் மேக்ஃபி அம்மையார் முதன்மையானவர். 1964இல் இங்கிலாந்தில் மடிகாது வகை நார்ஃபோக் என்று தனி இனமானது. அமெரிக்காவில் அப்பிரிவினை 1979இல்தான் நடந்தது. ஆகவே 1970களின் அமெரிக்க நூலில் மடிகாது நாய் நார்விச் என்ற பெயரில் இருந்தால் அது அந்நூலின் பிழையன்று. அதை எடுத்து எழுதுகிறவர் நாட்டையும் ஆண்டையும் பார்க்காததே பிழை.

ஜாக் ரஸ்ஸலின் பெயரால் வழங்கும் நாய்கள் இதைவிடச் சிக்கல். டெவன் மாவட்டத்து ஸ்விம்பிரிட்ஜ் ஊரின் பாதிரியார் ஜான் ரஸ்ஸல் 1795 முதல் 1883 வரை வாழ்ந்தவர். கென்னல் கிளப்பின் தொடக்க உறுப்பினர்களில் ஒருவர். குதிரைகளோடு ஈடுகொடுத்து ஓடி, நரி வளைக்குள் நுழையும் வெண்ணிற டெரியர்களை அவர் வளர்த்தார். அவர் மறைந்து நூறாண்டுக்கும் மேலாகி, 1990இல்தான் நீண்ட கால் கொண்ட வகையைக் கென்னல் கிளப் ஏற்றது. அது இன்று பார்சன் ரஸ்ஸல் டெரியர், ஆண் நாய்க்கு உயரம் 36 சென்டிமீட்டர் அளவு. குட்டைக்கால் கொண்ட, உயரத்தைவிட உடல் நீண்ட, 25 முதல் 30 சென்டிமீட்டர் உயரமுள்ள வகை ஆஸ்திரேலியாவில் ஒழுங்குபடுத்தப்பட்டு, 2000இல் உலக நாய்கள் கூட்டமைப்பான எஃப்.சி.ஐ.யின் ஏற்பையும் 2016இல் இங்கிலாந்தின் ஏற்பையும் பெற்றது. இதுவே ஜாக் ரஸ்ஸல் டெரியர். அமெரிக்கன் கென்னல் கிளப்போ 1997இல் நீண்டகால் வகையையே ஜாக் ரஸ்ஸல் என்று ஏற்று, 2003இல் அதைப் பார்சன் ரஸ்ஸல் என்று மாற்றி, 2012இல் குட்டைக்கால் வகையை வெறும் ரஸ்ஸல் டெரியர் என்று பதிந்தது. ஒரே பெயர் ஒரு நாட்டில் ஒரு நாயையும் மற்றொரு நாட்டில் மற்றொரு நாயையும் குறித்த ஆறு ஆண்டுகள் இருந்தன. அந்த ஆண்டுகளின் ஆங்கிலக் கட்டுரைகளே தமிழில் அதிகம் எடுத்தாளப்பட்டிருக்கின்றன என்பது என் ஐயம்.

ஆங்கில–ஸ்காட்டிஷ் எல்லையில் நிலைமை எதிர்மாறு: ஒரே மலைப்பகுதியில் தோன்றிய மூன்று இனங்கள், ஒன்றுக்கொன்று துளியும் ஒத்திராதவை. ராத்பரி ஊர்ப் பக்கத்து டெரியர்களிலிருந்து வந்து, சுரங்க ஊரான பெட்லிங்டனின் பெயரைப் பெற்றது, ஆட்டுக்குட்டி போன்ற தோற்றமுடையது ஒன்று. ஹிண்ட்லீ என்ற இடத்து உழவர் ஜேம்ஸ் டேவிட்சன் வளர்த்த மிளகு நிற, கடுகு நிற நாய்கள், வால்டர் ஸ்காட்டின் 1815ஆம் ஆண்டு நாவலில் வரும் உழவர் பாத்திரத்தின் பெயரால் டாண்டி டின்மான்ட் ஆனது மற்றொன்று. நீர்நாயின் தலையும், இரு கைகளால் சுற்றிப் பிடிக்கத்தக்க நெஞ்சும் கொண்டு, குதிரைகளின் பின்னே ஓடிய பார்டர் டெரியர் மூன்றாவது. 1920இல் ஏற்பு பெற்றது. பெட்லிங்டனுக்கும் டாண்டிக்கும் தலையில் இருக்கும் மென்மயிர்க் கொண்டை ஒன்றே இன்று அவற்றின் பொதுச்சொத்து.

செஸ்கி டெரியரைப் பற்றி ஒரு சொல் போதும். செக்கோஸ்லோவாக்கியாவில் பிரான்டிசெக் ஹோராக் 1949இல் ஸ்காட்டிஷ் டெரியரையும் சீலியம் டெரியரையும் சேர்த்துத் தொடங்கியது அது, 1963இல் எஃப்.சி.ஐ. ஏற்றது. பிறக்கும்போது கறுப்பாக இருந்து முதிரும்போது சாம்பல்–நீலமாகும் அதன் மயிரைப் பிடுங்குவதில்லை, கத்தரிப்பதுதான் வழக்கம். வேல்ஸின் சீலியமோ வெள்ளை நிறமும் முரட்டு மயிரும் கொண்டது. இவ்விரண்டின் படங்கள் மாறி வருவதற்கு எந்த நியாயமும் இல்லை.

இனி நான் கேட்டுக்கொள்வது. ஓர் இனத்தைப் பற்றி எழுதும்போது எஃப்.சி.ஐ. அதற்கு அளித்த எண்ணைத் தவறாமல் குறியுங்கள். நார்விச் 72, நார்ஃபோக் 272. லேக்லாண்ட் 70, வெல்ஷ் 78. வீட்டன் 40, கிளென் 302. பெயர் நாட்டுக்கு நாடு மாறினாலும் எண் மாறாது. எண் இல்லாத பாட்டர்டேல் போன்றவற்றுக்கு இல்லை என்றே எழுதுங்கள், அதுவும் தகவல்தான். தோற்றம் என்ற தலைப்பின் கீழ் நிலத்தையும் வேலையையும் ஒரு பத்தியிலும், சங்கம் அமைந்த ஆண்டையும் ஏற்பு பெற்ற ஆண்டையும் எந்த நாட்டு அமைப்பு என்ற குறிப்போடு மற்றொரு பத்தியிலும் வையுங்கள். படம் எடுக்கும்போது முதிர்ந்த நாயின் பக்கவாட்டுப் படத்தைத் தேர்ந்தெடுத்து, மயிர் பிடுங்கப்பட்டதா கத்தரிக்கப்பட்டதா, வால் வெட்டப்பட்டதா இல்லையா என்பதைப் படக்குறிப்பில் சேருங்கள். இன வளர்ப்புச் சங்கங்களின் படங்கள் கிடைக்கும்போது, விற்பனை விளம்பரங்களின் படங்களைத் தவிருங்கள். அவற்றில் பெரும்பாலானவை குட்டிகள், குட்டிகளை வைத்து இந்த இனங்களைப் பிரித்தறிய முடியாது என்பதை மேலே கண்டோம்.

இன்னொன்றும் உண்டு. இங்கிலாந்தின் கென்னல் கிளப், ஆண்டுக்கு 300 குட்டிகளுக்கும் குறைவாகப் பதிவாகும் உள்நாட்டு இனங்களை அழிவுக்கு நெருங்கியவை என்று பட்டியலிட்டு வருகிறது. டாண்டி டின்மான்ட், சீலியம், கிளென் ஆஃப் இமால் போன்றவை அதில் இடம்பெற்றவை. இவற்றின் கட்டுரைகளில் எளிதில் கிடைக்கக்கூடிய வீட்டு நாய் என்பது போன்ற வரிகள் இருந்தால் நீக்கிவிடுங்கள். அந்த வரியை நம்பித் தேடுகிறவர் கையில் கலப்புக் குட்டி ஒன்றுதான் உயர்ந்த விலைக்கு வந்து சேரும்.

திருத்தத்தை எங்கிருந்து தொடங்குவது என்று எவரேனும் கேட்டால், லேக்லாண்டின் பக்கத்திலிருந்து தொடங்கலாம் என்பேன். படத்தில் உள்ள நாயின் கால்களைப் பாருங்கள். சிவப்பேறிய ஆழ்ந்த செம்பழுப்பு தெரிந்தால், அந்தப் படத்தை வெல்ஷ் டெரியரின் பக்கத்துக்கு மாற்றிவிடுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
டெரியர் இனங்களின் வரலாற்றில் ஈடுபாடுள்ள ஒரு வாசகர்